உட்றாதய்யா

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. ஏழு வயதில் எனக்கு அதில் அப்படியொரு பெருமை. பக்கத்து வீட்டில் பொழுது விடிந்தால் பாத்திரம் பறக்கும். எங்கள் வீட்டிலோ டிவி மட்டும்தான் பேசும். அம்பத்தூரில் ஃபேக்டரி வேலை முடிந்து அப்பா வந்ததும், "சோறு போடட்டா?" என்பாள் அம்மா. "ம்" என்பார் அப்பா. அன்றைய பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. எவ்வளவு மரியாதையான குடும்பம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருஷம் அப்பா ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினார். அம்மா ஓட்டப் பழகிவிட்டால் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம் என்று திட்டம். அதுவரை ஷேர் ஆட்டோவில், யாரோ ஒரு அக்கா மடியில், யாருடையதோ மீன்கூடை இடிக்க இடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் அம்மாவைவிட எனக்குத்தான் அவசரம்.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டிருந்தார்கள். ரோடு இருக்கும், வீடு இருக்காது. சாயங்காலமானால் அங்கேதான் பாடம். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவாள். அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடி ஓடுவார். நான் மனைக்கல் மேல் உட்கார்ந்து பார்ப்பேன்.

முதல் நாளே அதிசயம் நடந்தது. வீட்டில் அப்பாவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத அம்மா, வண்டி ஆடியதும் வீறிட்டாள்: "யோவ்! உட்றாதய்யா!"

"உட மாட்டேன், போ! என்னை இன்னாத்துக்குப் பாக்கற? ரோட்டப் பாரு!"

"யோவ், நாய் வருதுய்யா!"

"அது ஒதுங்கிக்கும், அதுக்கு அறிவு கீது!"

அம்மா சிரித்த சிரிப்பில் வண்டி வளைந்து எருக்கஞ்செடிக்குள் போய் நின்றது. அப்பாவும் அங்கேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணல் என்பதையே அன்றுதான் பார்த்தேன்.

மழைக்காலம் வந்து போனது, அம்மா மட்டும் தேறவில்லை. நேராகத்தான் போவாள், அப்பா கையை எடுத்தால் போதும், "யோவ்!" எனக்கோ வயிற்றெரிச்சல். போயும் போயும் இப்படியொரு மக்கு அம்மாவா எனக்கு வாய்க்கவேண்டும் என்று மனைக்கல்லை உதைத்ததில் கால்விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி வந்தது. முன்னால் காய்கறிப் பை. தண்ணி லாரிக்கு வழிவிட்டு, குறுக்கே வந்த மாட்டை லாவகமாகச் சுற்றி, ஒற்றைக் கையால் முந்தானையைச் சரிசெய்தபடி வந்தது சாட்சாத் எங்கள் அம்மாதான்!

என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. பின்னால் ஏற்றிக்கொண்டு போய் பானிபூரி வாங்கிக் கொடுத்தாள். "அப்பா கைல சொல்லாதடி, என் கண்ணுல்ல" என்றாள்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுதே, அப்புறம் நான் எதுக்கு ஆட்டோல நசுங்கறேன்?"

"இன்னும் கொஞ்ச நாள்மா" என்றாள். இன்னொரு பூரியை என் வாயில் திணித்தாள்.

பானிபூரி செரிக்கும்வரைதான் என் வாய் தாங்கியது. சாயங்காலம் அப்பாவின் காதில் போட்டுவிட்டேன். "அம்மாவுக்கு சூப்பரா ஓட்டத் தெரியும்பா. நம்மள ஏமாத்துது."

அப்பா திடுக்கிடுவார் என்று ஆசையோடு காத்திருந்தேன். "தெரியும்" என்றார். "பெட்ரோலு நான்தான போடறேன்? தெனம் கொறையுதே, வண்டி தானா குடிக்குதா?"

"அப்புறம் இன்னாத்துக்குப்பா பின்னாலயே ஓடற?"

அப்பா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். எருக்கஞ்செடிக்குள் விழப் போகிறவருக்கு எதற்குத் தலைவாரல் என்று நினைத்தேன்.

"உட்றாதன்னு சொல்லுதுல்ல உங்கம்மா" என்றார். "எனக்குத் தெரியும்னு அது கைல சொல்லிடாத."

வாசலில் அம்மா வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள், தலையில் பூ வேறு. கொஞ்ச நேரத்தில் மனைப்பக்கமிருந்து "யோவ்! உட்றாதய்யா!" என்று கேட்டது. பின்னாலேயே அப்பாவின் சிரிப்பு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு ஓட்டத் தெரியும், அது அவருக்கும் தெரியும், ஓடுவது மட்டும் நிற்கவில்லை. இந்த வீட்டில் மூளை இருக்கிற ஒரே ஆள் நான்தான், நாளைக்கும் ஆட்டோவில் நசுங்கப்போவதும் நான்தான் என்று அன்று முடிவுக்கு வந்தேன்.