சமாதானம் என்கிற கண்டக்டர்

இருபத்திரண்டு நாற்காலிகளிலும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். உட்கார்வார், இப்படியும் அப்படியும் அசைந்து பார்ப்பார், எழுந்து அடுத்ததற்குப் போவார். ஆடுகிற நாற்காலி என்று தெரிந்தால் சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டைத்துண்டு ஒன்று வெளியே வரும். அதைக் காலுக்கடியில் செருகிவிட்டு மறுபடி உட்கார்ந்து பார்ப்பார். ஐந்து மணிக் கூட்டத்துக்கு மூன்றரைக்கே வந்து இந்த வேலை. எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன்.

"ஆடுற சீட்டுல உக்காந்தவன் கோவமாத்தாங்க பேசுவான். பஸ்ல எத்தன பேரப் பாத்திருக்கேன்!" என்றார்.

முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தரையில் நிற்கும்போதுகூட, எந்த நேரமும் யாரோ பிரேக் போட்டுவிடுவார்கள் என்பதுபோல் காலை அகட்டித்தான் நிற்பார். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், தோளைப் பார்ப்பார். நெரிசலில் தோளைத் தட்டித் தட்டிச் சீட்டுக் கொடுத்த பழக்கம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "சமாதானம்" என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பாசத்தில் வைத்த பெயரென்று நினைத்துவிட வேண்டாம்.

அவர் இருப்பது முன் தெருவில். அதற்கும் பின் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தச் சந்தில் இரண்டு பைக்குகள் உரசிக்கொண்டன. வார்த்தை தடித்தது, ஆள் சேர்ந்தது, பொழுது சாய்வதற்குள் ஏழு கடைகள் நொறுங்கின. அதில் ஒன்று அவருடைய சொந்தத் தம்பியின் கண்ணாடிக் கடை. முதல் கல்லை எறிந்தது பின் தெரு வெல்டரின் மகன். சரிந்து வந்த பெரிய கண்ணாடிப் பலகையைத் தம்பி கையால் தாங்கப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல்கள் அன்றோடு மடங்காமல் போயின. கண்ணாடி அறுக்கிற ஆளுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம்? கடை பூட்டிக் கிடக்கிறது. தம்பி யாருடைய கிடங்குக்கோ காவலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு போலீஸும் சொல்லிச்சு, பெரியவங்களும் சொன்னாங்க. ஆனா சந்துல ஒரு ஆள் நடக்கல. சுத்திச் சுத்திப் போறாங்க. முடிஞ்சதுன்னா நடக்கணும்ல?" என்கிறார் கண்டக்டர். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு தெருக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. உட்கார்ந்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குழுக்களுக்கு ஓர் அறக்கட்டளை சிறு உதவித்தொகை கொடுப்பதாகச் சொல்லி, நூலகத்து அம்மா விண்ணப்பத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

அந்த விண்ணப்பத்தின் நகலைக் கண்டக்டர் எனக்குக் காட்டினார். "சமூக நல்லிணக்கத்தை வளர்க்க உங்கள் குழு கையாளும் வழிமுறை என்ன?" என்று அச்சடித்திருந்தது. கீழே, கொட்டை கொட்டையான எழுத்தில்: "நிழலில் உட்கார வைப்பது. டீ கொடுப்பது." அடுத்த கேள்வி, எதிர்பார்க்கும் மாற்றம் என்ன என்பது. "இப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். இனிமேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்."

அறக்கட்டளையின் அலுவலர் அம்மா போனில் கூப்பிட்டிருக்கிறார்.

"ஐயா, இதக் கொஞ்சம் விரிவா எழுத முடியுமா?"

"இதுக்கு மேல ஏதாவது நடந்துச்சுன்னா எழுதுறேம்மா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். அடுத்த மாதம் உதவி வந்துவிட்டது. நூலகத்தின் பின்னறைக்கு வாடகை, டீ, நாற்காலிகள்.

நாற்காலிகள் வந்து இறங்கிய அன்றுதான் தம்பி கடைசியாக அவரிடம் பேசினார். வாசலில் நின்று வலது கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். "இதப் பாத்ததுக்கு அப்புறமும் அவனுங்களுக்கு நாற்காலி போடப் போறியா? நீ எனக்கு அண்ணனா, இல்ல ஊருக்குக் கண்டக்டரா?" இதை என்னிடம் சொல்லும்போதும் என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். கண்டக்டரின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு, தம்பி பேச்சை நிறுத்தும்வரை, அவருக்குச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். இப்போது காலையில் ஒரு பானை சோறு வடித்து, இரண்டு வேளைக்கும் அதையே வைத்துக்கொள்கிறார். அடுப்பு மேடைப் பக்கம் நின்றுகொண்டேதான் சாப்பாடு. நின்று நின்று பழகிவிட்டது என்று முதலில் சொன்னார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "உக்காந்தா எதிர்ல ஆளில்லன்னு தெரியுதுங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. காதை அந்தப் பக்கம் கொடுத்தார். யார் இருமுகிறார்கள், யார் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "தம்பிக்கு ரெண்டு நாளா சளி. வெந்நீர் குடிக்க மாட்டான், சின்ன வயசுலேர்ந்தே" என்று என்னிடம் புகார் சொன்னார்.

டீக்கடைக்கு அவரோடு ஒருநாள் போனேன். உள்ளே கலகலவென்று கேட்ட பேச்சு, நாங்கள் படியேறியதும் கப்பென்று நின்றது. "சமாதானம் வந்தாச்சு. கிரிக்கெட் பேசுங்கடா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பின் தெருவிலும் இதே கதைதான். அங்கே அவரை உளவு பார்க்க வந்த ஆள் என்கிறார்கள். வெளியூரிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். "எதுக்குப்பா உங்களுக்கு இந்த வம்பு? ரெண்டு பக்கமும் அடி வாங்கிட்டு... பேசாம இங்க வந்துடுங்க." வருகிறேன் என்கிறார். ஒவ்வொரு வாரமும்.

நான் போன அன்று நடந்தது பதினோராவது கூட்டம். உதவித்தொகை ஒரு வருடத்துக்குத்தான். இன்னும் ஒன்று பாக்கி. பதினாறு பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களை அவர் தெருவாரியாக உட்கார விடுவதில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று நெட்டித் தள்ளிக் கலந்துவிடுகிறார். பேச்சு சாக்கடை அடைப்பைப் பற்றி ஓடியது. இரண்டு தெருவுக்கும் பொதுவான சாக்கடை என்பதால் அதைத் திட்டுவதில் நல்ல ஒற்றுமை தெரிந்தது.

வெல்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பத்துக் கூட்டத்துக்கும் வந்தவர். டீயை வாங்கிக் குடித்துவிட்டு, வாயே திறக்காமல் எழுந்து போகிறவர். அன்று சாக்கடைப் பேச்சுக்கு நடுவில், யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு எம்பையன் வெளிய ஓடினப்ப நான் வீட்டுலதான் இருந்தேன். கதவச் சாத்தியிருக்கலாம். சாத்தல." முழங்காலில் கையைத் தேய்த்துக்கொண்டார். "போகட்டும்னு நெனச்சேன். நாலு பேரு போறப்ப எம்பையன் போகலன்னா நல்லாருக்காதுன்னு நெனச்சேன். அந்தக் கண்ணாடிக்காரர் கையி... அது அவன் ஒடச்சது மட்டும் இல்லீங்க."

முன் தெரு மருந்துக்கடைக்காரர் தன் டீ கிளாஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் வெல்டரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் யாரோ இருமினார்கள். சளி இருமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. திறந்திருந்த ஒற்றைக் கதவுக்கு அப்பால், சுவரோடு ஒட்டி ஓர் ஆள் நின்றிருந்தார். தெரிந்ததெல்லாம் ஒரு தோளும், தொங்கிக்கொண்டிருந்த வலது கையும்தான். எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியாது. மருந்துக்கடைக்காரரும் பார்த்துவிட்டார். "கூப்பிடுங்க" என்று கண்டக்டரிடம் வாயசைத்தார். கண்டக்டர் தலையை ஆட்டி வேண்டாமென்றார்.

பிறகு எழுந்தார். அந்த அறைக்கு இரட்டைக் கதவு. ஒரு பாதி மட்டும்தான் திறந்திருந்தது. மற்றப் பாதியின் மேல் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி அதைக் கீழே இறக்கினார். குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் விடுவித்தார். கதவைச் சுவர்வரை அகலத் திறந்து வைத்தார். வெளியே நிற்பவரை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பி வந்து, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, "சாக்கடைக்கு எப்ப ஆள் வராங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.