கடிக்காத கல்

சங்கரா மீனைக் கழுவி, துண்டு போட்ட பிறகும் ஸ்டெல்லாமேரி பையைக் கட்டமாட்டாள். மீன் வெட்டி வாங்கிப்போக வருகிறவர் கண் மங்கிய பெரியவர். தனியாகப் பொங்கித் தின்கிறவர். அவருடைய துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்ப்பாள். முள் தட்டுப்படுகிற இடத்தில் கத்தி நுனியை விட்டு நெம்பி எடுப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். பையை அவர் கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். பக்கத்தில் மீன் விற்கிற வைத்திக்குப்பத்து நிர்மலாவுக்கு இது பொறுக்கவில்லை.

“முள்ளு எடுத்துட்டேன்னு சொன்னாத்தான் இன்னாக்கா? அவருக்கும் தெரியட்டுமே.”

“சொன்னா, உனக்குக் கண்ணு தெரியலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதாடி?”

பெரிய மார்க்கெட்டில் பின்சுவரை ஒட்டி, ஒரு சாக்கும் ஒரு புளியமரக் கட்டையும்தான் அவள் கடை. மீன் வாங்குகிறவர்களுக்கு வெட்டிக் கொடுப்பது தொழில். விடியலிலிருந்து தண்ணீரில் ஊறி விரல்கள் எல்லாம் வெளுத்து உப்பியிருக்கும். செதில் ஒட்டக்கூடாது என்று செபமாலையை ரவிக்கைக்குள் விட்டிருப்பாள். உச்சி வேளையில் கண் தானாகச் செருகும். கை மட்டும் வெட்டிக்கொண்டே இருக்கும். “அக்கா தூங்குது, கத்தி முழிச்சிக்கினு இருக்குது” என்று நிர்மலா சிரிப்பாள்.

கத்தி மழுங்கினால் கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும் சொரசொரக் கல்லில் அழுத்தி இரண்டு இழுப்பு. பிறகு கத்தி வாயைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள். நகத்தைக் கடித்தால் சரி. “கத்தின்னா கடிக்கணும். இல்லாட்டி மீனு வழுக்கிக்கினு போயிடும்” என்பாள். வருஷக்கணக்காக இப்படித்தான். இந்தப் பழக்கமே ஒருநாள் அவள் வீட்டில் வினையாகும் என்று அவள் நினைத்திருக்க நியாயமில்லை.

வீடு நெல்லித்தோப்பில். ஒரே அறை. அதில் சுவரோரமாகக் கட்டில்; கட்டிலில் அவள் புருஷன் தனிஸ்லாஸ். ஓட்டலில் சமையல்காரராக இருந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது வைத்திருந்த மடக்குச் சவரக் கத்தி ஒன்று அவரிடம் உண்டு. அதை ‘ரசுவார்’ என்றுதான் சொல்வார். முகத்தில் வேறு எதையும் வைத்ததில்லை. சவரம் செய்யாமல் கோயில் பூசையில் தரும் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கியதும் இல்லை. ஒருநாள் காலை குழாயடியில் அந்தக் கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சு போயிற்று, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவரோடு விழுந்த கல்லும் சில்லுச் சில்லாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் சுவரைப் பார்த்தே படுத்துவிட்டார். கோணிப்போன முகத்தைக் கட்டினவளுக்குக்கூடக் காட்டவில்லை. கஞ்சியையும் அவள் முதுகுப்பக்கம் இருந்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டித்தான் ஊட்டவேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகள் வீட்டுக்குப் பங்குச் சாமியார் நன்மை கொண்டுவருவது வழக்கம். இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் தனிஸ்லாஸ் திரும்பவில்லை. சாமியார் அவருடைய பின்னந்தலைமேல் கை வைத்து மந்திரித்துவிட்டுப் போனார். ஸ்டெல்லாமேரி வாசல்வரை போய் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்து, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடவுள் கொடுத்த முகத்தை ஒரு மனிதன் எத்தனை நாள் சுவருக்கே காட்டிக்கொண்டிருப்பான்?

தாடிதான் காரணமோ என்று அவளுக்குத் தோன்றியது. கடையில் பிளாஸ்டிக் ரேசர் வாங்கிவந்து தோளுக்கு மேல் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியிலிருந்து ரசுவாரை எடுத்து நீட்டினாள். அவர் மெதுவாகப் புரண்டு அவள் பக்கம் திரும்பித் தாடையைத் தூக்கினார். அவள் கத்தியை விரித்தாள். ஆனால் அன்று குழாயடியில் ஈரத்தோடு கிடந்த கத்தியில் துரு ஏறியிருந்தது. “நாளைக்குத் தீட்டி எடுத்தாரேன்” என்றாள்.

மறுநாள் மார்க்கெட்டில், தன் மீன் கத்தி தேய்க்கும் கல்லிலேயே அழுத்தித் தேய்த்தாள். நகத்தில் வைத்தாள். நன்றாகக் கடித்தது. நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்பு நுரை பூசி, கன்னத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். செதிலில் மாட்டியது போல் கத்தி நின்றது. நுரையில் சிவப்பு ஊறியது. அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னாக்கா நீ, அண்ணன் மூஞ்சிய வழிச்சியா, கொடுவா மீனுக்குச் செதிலு எடுத்தியா?” என்றாள் நிர்மலா, மறுநாள் மார்க்கெட்டில் விஷயம் கேட்டதும். சொல்லிவிட்டு, ஸ்டெல்லாமேரி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “ஞாயித்துக்கெழமை சந்தைக்குப் போய்ப் பாருக்கா. பழைய சாமான் போடற எடத்துல கல்லு இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி நடைபாதைச் சந்தையில் இராமதாஸ் என்பவர் ஸ்பானர், பூட்டு, குழாய்த் தலை இவற்றோடு கற்களும் பரப்பியிருந்தார். பூசை முடிந்த கையோடு போயிருந்தாள் ஸ்டெல்லாமேரி. அவள் கை தானாகவே, விரலை உரசுகிற செங்கல் நிறக் கல்லுக்குப் போயிற்று.

“அது உளி தீட்டறதும்மா. ஆசாரிங்க வாங்குவாங்க.”

அவர் மூன்று கற்கள்மேல் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டார். செங்கல் நிறக் கல் உடனே குடித்துவிட்டது. சாம்பல் கல் மெள்ளக் குடித்தது. கறுப்பாக இருந்த சின்னக் கல்லின்மேல் சொட்டு, சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் நின்றது. அவள் நகத்தால் கீறினாள். நகம் வழுக்கியது.

“இது கண்ணாடி மாதிரி இருக்குதேண்ணே. இதுல தேய்ச்சா சவரக் கத்திக்குச் சொரணை வருமா?”

“எனக்கும் சவரக் கத்தி பழக்கமில்லம்மா. பொய் சொல்லக்கூடாது. மூணையும் எடுத்துக்கினு போ. ஒத்துவராதத அடுத்த வாரம் கொண்டாந்து போடு.”

அன்று மத்தியானம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவருடைய இடக்கையில் கல்லை ஒவ்வொன்றாக வைத்தாள். செங்கல் நிறக் கல்லைப் பெருவிரலால் ஒரு தடவை தடவி நழுவவிட்டார். சாம்பல் கல்லைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து தள்ளிவிட்டார். கறுப்புக் கல்லின்மேல் பெருவிரல் போயிற்று, விளிம்புவரை போயிற்று, திரும்பி வந்தது. பிறகு ஐந்து விரலும் மூடிக்கொண்டன. அவள் இழுத்தாள்; விடாமல் சுவர்ப்பக்கம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

“குடுங்க. கத்தி தேய்க்கணும்ல.”

கல்லைக் கொடுக்க அவர் திரும்பவேண்டியிருந்தது. திரும்பினார்.

தண்ணீர் தெளித்து அவள் தேய்க்க ஆரம்பித்தாள். கை மீன் கத்தி தேய்ப்பதுபோல் கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து, அழுத்தி ஓடியது. “ம்ம்” என்று ஒரு சத்தம். அவருடைய இடக்கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தியது. கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிந்த பிறகுதான் விட்டது. மறுபடி அவள் வேகமெடுத்தாள். மறுபடி கை வந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓர் இழுப்புக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம். செபம் முடியாமல் கத்தி திரும்பக் கூடாது. அந்த வாரம் முழுக்க, மார்க்கெட்டிலிருந்து வந்ததும் இதே வேலை. சில நாள் பாதிச் செபத்தில் தலை தொங்கிவிடும். அவர் கல்லைத் தட்டி எழுப்புவார்.

வியாழக்கிழமை நகத்தில் வைத்துப் பார்த்தாள். கத்தி கடிக்கவில்லை. நாளைக்கு முதல் வெள்ளி. இன்னொரு தடவை வெட்டிவிட்டால் அந்த முகம் இனித் திரும்பாது. சிலுவை போட்டுக்கொண்டு கன்னத்தில் வைத்தாள். கத்தி வாயில் கடிக்கிற பல்லெல்லாம் தேய்ந்துபோயிருந்தது; அது போவதே கைக்குத் தெரியவில்லை. நுரை மட்டும் ஒதுங்கிக்கொண்டே வந்தது. கோணிய வாயோரம் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, முள் தேடுகிற அதே நிதானத்தில் வழித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாமியார் வந்தபோது தனிஸ்லாஸ் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். கோணிய வாயைத் திறந்து நன்மை வாங்கினார். கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. ஸ்டெல்லாமேரி முந்தானையால் துடைத்துவிட்டு, அங்கேயே தரையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டு கற்களையும் இராமதாஸிடம் திருப்பிக் கொடுத்தாள். நடைபாதையில் உட்கார்ந்து கரண்டுக் கம்பத்தில் சாய்ந்தவள் ஒரு கணம் கண் அசந்தாள்.

“வூட்டுக்குப் போய்ப் படும்மா. இன்னிக்குச் சவரமெல்லாம் ஆச்சா?”

அவள் கையை ஊன்றி எழுந்து, பையைத் தோளில் மாட்டினாள்.

“ஆச்சுண்ணே. தாடைக்குக் கீழ மட்டும் கொஞ்சம் வுட்டு வச்சிருக்கேன். நாளைக்கும் அவரு என் பக்கம் திரும்பணுமில்ல.”