சித்தி சம்பல் போட்ட ஷாம்ராக்

மார்ச் பதினேழாம் தேதி புனித பாட்ரிக் திருநாள். அதையொட்டிய வார இறுதியில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு உலகமே டப்ளினில் வந்து இறங்கும். நான் அதே வார இறுதியில் டப்ளினை விட்டுப் பலெர்மோவுக்குக் கிளம்பினேன். எதிர்த்திசையில் விமானச் சீட்டு மலிவு என்பது ஒரு காரணம். சித்தி மற்றக் காரணம்.

சித்தி அம்மாவின் தங்கை. பல வருடங்களாகப் பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், நான் தும்மினாலும் அது சித்திக்கு ஊருக்குச் சொல்லவேண்டிய செய்தி. இந்த முறை என்னைக் கேட்காமலே அங்குள்ள ஞாயிறு தமிழ் வகுப்பில் சொல்லிவிட்டார்: "என்ர பெறாமகள் அயர்லாந்தில பட்டம் எடுத்தவள். அவள் வந்து பாட்ரிக் பெருநாளைப் பற்றிப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துவாள்."

எனக்கோ நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்துத் தேர்வில் வாங்கிய புள்ளிகளை எல்லாம், வகுப்பின் முன்னால் எழுந்து பேசும் நாளில் பறிகொடுத்தவள் நான். இப்போது சித்தியின் மானமும் அந்த நாக்கில்தான்.

டப்ளினிலிருந்து பலெர்மோ மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். ரயிலுக்கு ஏழு யூரோவுக்குள் முடிந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். மத்திய நிலையத்தில் இறங்கி, அல்பெர்கேரியாவில் இருக்கும் சித்தியின் வீட்டுக்குப் பத்து நிமிட நடை.

என் கைப்பையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டு ஷாம்ராக் இருந்தது. மூன்று சிற்றிலைகள் கொண்ட சின்னச் செடி. திருநாளன்று ஐரிஷ்காரர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். ஒரு காம்பில் மூன்று இலை இருப்பதைக் காட்டித்தான் பாட்ரிக், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை விளக்கினார் என்பது கதை. ஆளுக்கு ஓர் இலையைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் இலையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கமாட்டார்கள். இதுதான் என் முழுத் திட்டம். கட்டைச் சித்தியின் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன்.

சனிக்கிழமை சித்தி வேலைக்குப் போக, நான் நகரம் சுற்றினேன். பல்லாரோ சந்தையைக் காலை பத்துக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பிறகு கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து பொலிதேயாமா நாடக அரங்கு வரை அகன்ற வீதியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வழியில் ஓர் அரஞ்சீனா. சோற்றை உருட்டிப் பொரித்த உருண்டை அது. இரண்டரை யூரோ, மதியச் சாப்பாடு முடிந்தது.

மாலை திரும்பியபோது சித்தி சமைத்து முடித்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், அதனால் மச்சம் மாமிசம் இல்லை. சோறு, பருப்பு, கீரைச் சம்பல். சம்பலை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்ட பிறகுதான் கேட்டேன்.

"சித்தி, இது என்ன கீரை?"

"நீ கொண்டு வந்ததுதான். புளியாரை எண்டு நினைச்சுப் போட்டன். புளிப்பே இல்லையடி! ரெண்டு தேசிக்காய் பிழிஞ்சன். அயர்லாந்தில கீரைக்கும் உப்புப்புளி இல்லையோ?"

"அது நாளைக்கு வகுப்புக்குக் கொண்டு வந்தது, சித்தி."

சித்தியின் கை அகப்பையோடு நின்றது. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப மிச்சத்தையும் நீயே தின்னு," என்றார்.

ஞாயிறு காலை வகுப்புக்குப் போகும் வழியில் இடிந்த வீடொன்றின் வளவு முழுக்க மஞ்சள் பூ. மார்ச்சில் பலெர்மோவின் வெற்றுக் காணியெல்லாம் இந்தப் பூதான். சித்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். "இஞ்சை பார், இதுதான் புளியாரைச் சாதி. இதுக்கும் மூண்டு இலைதானே?" கைநிறையப் பிடுங்கித் தந்தார்.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். ஆசிரியை என்னை அறிமுகப்படுத்திவிட்டு அமர்ந்தார். நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எழுந்தது சித்தி.

"பிள்ளையள், அக்கா அயர்லாந்தில இருந்து கொண்டு வந்த உண்மையான இலையை நான் நேற்றுச் சம்பல் போட்டிட்டன். அதுதான் அவ என்ன செய்யிறதெண்டு யோசிக்கிறா."

அறை வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் இருந்த துளசிக்கு எட்டு வயது இருக்கும். "நல்லா இருந்ததோ அக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன்," என்றேன். அதுதான் என் உரையின் முதல் வசனம். அதன் பிறகு மற்றவை தாமாக வந்தன.

பாட்ரிக் அயர்லாந்துக்காரர் அல்ல என்று தொடங்கினேன். கடலுக்கு அப்பாலிருந்து பதினாறு வயதில் பிடித்துக்கொண்டு வரப்பட்டு, ஆடு மேய்க்க விடப்பட்டவர். துளசியின் பக்கத்தில் இருந்த அனிற்றா கையை உயர்த்தினாள். "அப்ப அவர் ஸ்த்ரானியெரோ, வெளிநாட்டுக்காரரோ?"

"ஓம்."

"பெர்மெஸ்ஸோ இருந்ததோ?"

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பெர்மெஸ்ஸோ எனும் தங்கும் அனுமதி அட்டைக்காக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் அலுவலக வரிசையில் நின்ற பிள்ளைகள் இவர்கள்.

"இல்லை. கேட்டுக் கூட்டிக்கொண்டு வரேல்லை, பிடிச்சுக்கொண்டு வந்தவை. தப்பி வீட்டை போனவர், பிறகு தானே விரும்பித் திரும்பி வந்தவர். இப்ப அவரின்ர நாள்தான் அந்த நாட்டுக்கே பெருநாள்."

அனிற்றா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாட்ரிக் பாம்புகளைக் கடலுக்குள் கலைத்துத் துரத்திய கதையில் துளசிக்குச் சம்மதமில்லை. "எங்கட வீட்டில நாகபூசணி அம்மன் படம் இருக்கு," என்றாள் முறைப்பாக. அயர்லாந்தில் கலைக்கப் பாம்பே இருந்ததில்லை, அது வெறும் கதை என்ற பிறகுதான் முகம் இளகியது. அந்த ஒரு நாள் அங்கே தவக்கால ஒறுத்தலைத் தளர்த்துவார்கள் என்றதும் அனிற்றா, "அப்ப நாளைக்கு சொக்லேட் சாப்பிடலாமோ?" என்று ஆசிரியையைப் பார்த்தாள். "பலெர்மோவில இல்லை," என்றார் அவர்.

வெளிநாடு போன பிள்ளைகளுக்கு ஐரிஷ் தாய்மார் ஷாம்ராக்கைக் கடித உறையில் வைத்து அனுப்பும் வழக்கத்தைக் கடைசியாகச் சொன்னேன். "எங்களுக்கு மிளகாய்த்தூள் வாறது," என்றாள் துளசி. எல்லாரும் தத்தம் வீட்டுப் பொதிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். வகுப்பு அரை மணி நேரம் கூடிப்போனது. புளியாரையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் எல்லாரும் வெளியே போனோம். வாசலில் சித்தி ஆசிரியையிடம், "என்ர பெறாமகள்," என்று மட்டும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

போக நினைப்பவர்களுக்கு: அயர்லாந்தின் குடியிருப்பு அட்டையைக் காட்டி இத்தாலிக்குள் நுழைய முடியாது. என்னைப்போல இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசா எடுத்தே ஆகவேண்டும், நேரத்தோடு விண்ணப்பியுங்கள். பேருந்துச் சீட்டை ஏறுமுன் புகையிலைக் கடையில் வாங்குங்கள். கல் பாவிய ஒழுங்கைகளுக்குத் தட்டைச் சப்பாத்து வேண்டும். பிள்ளைகளுக்கு எதையாவது விளக்கப் போவதானால் தாளில் எழுதிக்கொண்டு போகாதீர்கள், அவர்களுடைய கேள்விகள் அதில் இருக்காது. இலை கொண்டு போனால், சமைப்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

திங்கள் மாலை, திருநாளன்றே, டப்ளின் விமான நிலையத்தில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றேன். என் மேற்சட்டையில் வாடிய புளியாரை. அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தார். "அது ஷாம்ராக் இல்லையே?" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

"இல்லை. ஷாம்ராக்கை என் சித்தி சமைத்துவிட்டார்," என்று தொடங்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அனிற்றாவின் கேள்வி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.