கோமேதகத்துக்கு மூன்று நாள் பரீட்சை

நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருமே மூன்று நாட்கள் பொய்யர்களாக வாழ்ந்தோம். காரணம், புளியங்கொட்டை அளவான ஒரு கல்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொடிகாமத்தில் எங்களுடன்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அவருடைய சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பாகவும் சங்கிலியாகவும் மாறி அம்மாவின் அலுமாரிக்குள் போய்ச் சேரும். எல்லாம் சீதனத்துக்கு. தன் நகையைத் தான் பார்ப்பதென்றாலும் சின்னம்மா அம்மாவின் இடுப்பில் தொங்கும் அலுமாரித் திறப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஒருநாள் குசினியில் வைத்து, தான் ஒரு கோமேதகம் வாங்கப்போவதாக அறிவித்தார்.

"கல்லென்ன கல்லு? பவுணெண்டால் நாளைக்கு ஒரு அந்தரத்துக்கு உதவும்," என்றார் அம்மா.

"கல்லும் உதவும் அக்கா. நல்ல கல்லெண்டால் வருசம் போகப் போக விலை கூடுமாம். அதுவரைக்கும் கையிலை போட்டு வடிவு பாக்கலாம். கல்லை ஒருத்தரும் சீதனத்திலை எழுதமாட்டினம்."

கடைசி வசனத்தைச் சின்னம்மா மெதுவாகத்தான் சொன்னார். அம்மா அது காதில் விழாததுபோல வெங்காயம் உரித்தார்.

பேருவளையிலிருந்து யாழ்ப்பாணத்து நகைக்கடைகளுக்குக் கல் கொண்டுவரும் வியாபாரி ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை நானா என்போம். அந்தமுறை அவர் கொடிகாமம் ஸ்டேசனில் கோச்சியை விட்டு இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மடிப்புக்குள் மடிப்பாக இருந்த வெள்ளைக் கடதாசியை விரித்தார். உள்ளே பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் ஒரு கல். சின்னம்மா அதை விரல் நுனியில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கணமே அது சின்னம்மாவுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஐயாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அப்படியில்லை. அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அரிசியைக்கூடக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கல்லை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கை கலங்கிக் கிடக்கு."

"அதுதான், முதலாளி, சாட்சி," என்றார் நானா. "சீனிப்பாணி கரையிற மாதிரி நெளிவு இருக்கணும். இல்லாட்டி போத்தல் ஓடுதான். இது நெருப்புல வைக்காத கல்லு. மண்ணுல பொறந்த நிறம் அப்படியே இருக்கு. பட்டை மட்டுந்தான் தீட்டினது."

ஐயாவிடம் இன்னொரு அஸ்திரம் இருந்தது. "ராகுவின்ரை கல்லு. எடுத்தவுடனை வீட்டுக்குள்ளை விடேலாது. மூண்டு நாள் வைச்சுப் பாப்பம். ஏதும் பிசகு நடந்தால் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கோ."

அது ஊர் வழக்கம். நானாவும் உடனே சம்மதித்தார். கல்லைத் துணியில் முடிந்து சின்னம்மாவின் தலையணைக்குக் கீழ் வைத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் வருவதாகச் சொல்லி நானா யாழ்ப்பாணம் போனார்.

அடுத்தநாள் காலையிலேயே நான் சைக்கிளோடு வேலிக்குள் விழுந்தேன். முழங்கால் தேய்ந்து, பள்ளிக்கூடச் சட்டை இடுப்புவரை கிழிந்துவிட்டது. மற்ற நாளென்றால் நான் குழறிய குழறலில் சாவகச்சேரியே திரண்டிருக்கும். அன்று மூச்சுக் காட்டவில்லை. கிணற்றடியில் காலைக் கழுவி வேறு சட்டை மாற்றிக்கொண்டு, கிழிந்ததை ஒளிப்பதற்காக விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். அங்கே சாக்குக்குள் அம்மாவின் பெரிய ஊறுகாய்ச் சாடி ஏழெட்டுத் துண்டுகளாகக் கிடந்தது. குசினிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தேங்காய் துருவினார்.

இரண்டாம் நாள் ஐயா பேப்பரைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கண்ணாடி இல்லை. "இப்ப கண் நல்ல தெளிவு," என்று கேட்காமலே விளக்கம் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்து விறகுக் கொட்டிலடிக்கு ஓடினேன். ஐயா முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றி, மேலே உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடி! பரீட்சை வைத்தவரே கொப்பியடிக்கிறார். அன்று ஐயாவில் எனக்கு வந்த பாசத்துக்கு அளவேயில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. தபாற்காரரின் மணி கேட்டுச் சின்னம்மா படலைக்குப் போனார். ஐயாவின் பெயருக்கு வந்த கடிதத்தை அங்கேயே பிரித்து வாசித்தார். பிறகு அவரும் விறகுக் கொட்டில் பக்கம் போனார். எனக்குப் பொறுக்குமா? அவர் திரும்பியதும் போய்த் தேடி எடுத்தேன். சின்னம்மாவுக்குப் பேசியிருந்த அளவெட்டி மாப்பிள்ளை வீட்டார் எழுதியிருந்தார்கள். சாதகம் பொருந்தவில்லையாம், குறைநினைக்க வேண்டாமாம்.

அந்தச் சம்பந்தம் சரிவர வேண்டுமென்று அம்மா பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தார். முழங்காலும் சாடியும் கண்ணாடியும் சின்ன விசயம். இது பெரிய பிசகு. சொன்னால் கல் போய்விடும். சொல்லாவிட்டால் ராகு இன்னும் என்னென்ன செய்வானோ! சின்னம்மாவின் முகத்தை நினைத்தேன். கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் நானா வந்தார். ஐயா விசாரணை தொடங்கினார்.

"ஏதும் நடந்ததோ?"

"ஒண்டுமில்லை," என்றார் அம்மா.

"இல்லை ஐயா," என்றேன் நான், சட்டையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டபடி.

"எனக்கும் ஒண்டுமில்லை அத்தான்," என்றார் சின்னம்மா.

ஐயா முகட்டைப் பார்த்தபடி, "அப்ப சரி. எனக்கும் ஒரு குறையுமில்லை," என்றார்.

நானா எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "ராகுவோட கல்லு வச்ச வீட்டுல இவ்வளவு அமைதிய நான் கண்டதே இல்ல," என்றார். சின்னம்மா காசை எண்ணாமலே கொடுத்ததுபோலத்தான் எனக்குத் தோன்றியது, அவ்வளவு அவசரம்.

நானா போனதும் சின்னம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கல்லை மாலை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். உள்ளே பாணி நெளிந்தது. இனியும் மறைக்க எனக்கு முடியவில்லை.

"கடிதத்தை நான் வாசிச்சனான் சின்னம்மா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சின்னம்மா திடுக்கிட்டார். பிறகு குனிந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண் நிறையத் தண்ணீர், உதடுகள் மட்டும் சிரிப்பை அடக்குவதுபோல நெளிந்தன.

"நாளைக்கு நானே அத்தானிட்டைக் குடுத்திடுவன்," என்றார் திக்கித் திக்கி.

பாவம், அழுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். "அழாதேங்கோ சின்னம்மா. இதைவிட நல்ல மாப்பிள்ளை ஒருத்தர் கெதியிலை வருவார்!"

சட்டென்று என் வாயைப் பொத்தினார். மற்றக் கையால் கல்லை முந்தானைக்குள் மூடினார்.

"சத்தம் போடாதை. கல்லுக்குக் கேட்டிடப் போகுது."

அவ்வளவு நல்ல செய்தியைக் கல்லிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.