சிவப்புக் கோட்டைத் தாண்டிய பேனா

எண்பதுகளின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு, திருச்சிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். டிராலிச் சக்கரங்களுக்குள் அச்சை அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை.

சக்கரத்தின் துளை அச்சைவிட மயிரிழை சிறியதாக இருக்கும். அச்சு உள்ளே போகப் போக, கடந்த தூரத்தையும் அதற்குத் தேவைப்பட்ட அழுத்தத்தையும் ஒரு பேனா கிராஃப் தாளில் கோடாக வரையும். நன்றாக ஏறிய சக்கரங்களின் கோட்டை வைத்துத் தாளில் முன்பே இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டிருப்பேன். பேனா கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கினால் பிடிப்பு போதாது. மேற்கோட்டைத் தாண்டினால் சக்கரம் வெடிக்கலாம்.

பிரஸ்ஸை இயக்கியவர் துறையூர்க்காரர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. அச்சு நேராகப் போகிறதா என்று சக்கரத்தருகே முகத்தை வைத்துப் பார்ப்பார். தள்ளி நிற்கச் சொன்னால், "இரும்பு கடிக்கவா போகுது, பயப்படாதீங்கம்மா" என்பார்.

ஒரு மழைநாள் மதியம் பேனா பாதி தூரத்திலேயே செங்குத்தாக ஏறியது. மேற்கோட்டைத் தொட்டது, தாண்டியது. அவர் முகம் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி.

"அண்ணே, விலகுங்க!"

பிரஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. எப்படி ஓடினேனோ, நிறுத்தும் பொத்தானை அறைந்திருந்தேன்.

ஃபோர்மேன் வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"கோடு மேல போயிடுச்சு சார்."

"பேனா மக்கர் பண்ணியிருக்கும். ஓட்டுங்க."

சேர்ந்து சில மாதங்கள்தான், வேலை நிரந்தரமாகவில்லை. "வேணாம் சார். கழட்டிப் பாத்துடலாம்."

துறையூர்க்காரர் தாளை எட்டிப் பார்த்தார். லீவரிலிருந்து கையை எடுத்தார். "கழட்டிடலாம் சார்."

அச்சை வெளியே இழுத்தபோது அதன் மேல் ஆழமான கீறல்கள். சக்கரத்தின் துளையோரம் தலைமுடி போல ஒரு விரிசல். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் சக்கரத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "உடம்புக்கு முடியலியா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். மறுநாள் காலை லீவு போட்டுவிடலாமா என்று வாசலில் வெகுநேரம் நின்றேன். போனேன். பேனா நகர்ந்ததும் தாளை விட்டுவிட்டு துறையூர்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.