ரங்கூன் எறா வடை

கச்சேரி ரோடு சாந்தோம் பெரிய ரோட்டில் வந்து சேரும் முக்கில் பச்சையம்மாள் மீன் பொரித்து விற்றாள். நொச்சிக்குப்பத்துக்காரி. சாயங்காலம் அவள் அடுப்பு புகைந்தால் ஜட்காக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். ராயப்பேட்டை அச்சாபீஸ் ஆட்கள் வேலை விட்டு நேராக இங்கே வருவார்கள். வஞ்சிரத் துண்டில் அவள் தடவும் மிளகாய் விழுது கண்ணைக் கலங்க வைக்கும். ஆனால் ஒரு துண்டோடு எழுந்து போனவர் கிடையாது. இந்தப் பெருமையெல்லாம் அவளுக்கு உண்டு. பொறாமை மட்டும் கிடையாது. யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது?

அவள் புருஷன் மாசிலாமணி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ரங்கூன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். இரண்டு வருஷம் கழித்து, அவனோடு வேலை பார்த்த லாசர் லீவில் வந்தான். கடையில் உட்கார்ந்து தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

"உன் வூட்டுக்காரனுக்கு இன்னா கொறச்சல் தங்கச்சி? தெனம் பொழுது சாஞ்சா ஒரு பர்மாக்காரி கடைல போய் குந்திக்கிறான். கூப்டாலும் வர்றதில்ல."

பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ஜட்காக்கார ஹனீஃபா இருமினார். "பாத்துப் பேசு லாசரு. சட்டில எண்ணெ கொதிக்குது."

"கடையா, வூடா?" என்றாள் பச்சையம்மாள்.

"கடைதான். ஆனா அவன் குந்திக்கினு கீறதப் பாத்தா வூடு மாதிரிதான் கீது."

அடுத்த மாதம் லாசர் கப்பல் ஏறியபோது, கப்பல் கூலிக்குக் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பச்சையம்மாளும் ஏறினாள். கப்பலின் மேல்தட்டில் வாந்தியும் வெயிலுமாகக் கிடந்த அத்தனை நாளும் அந்தப் பர்மாக்காரிக்கு மனசுக்குள் முகம் வரைந்தாள். வெள்ளைத் தோல், கொண்டையில் பூ, வயசு இருபதுக்கு மேல் போகாது.

ரங்கூனில் இறங்கிய சாயங்காலமே அந்தக் கடைக்குப் போனாள். மாசிலாமணி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அடுப்புக்குப் பின்னால் இருந்தவளுக்கு அறுபது வயசு இருக்கும். முன்பல் இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சுருட்டை வாயோரம் அடக்கியிருந்தாள்.

விஷயம் புரிந்ததும் மாசிலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அட பைத்தியமே! இந்த ஆயாவுக்கா கடல் தாண்டி வந்தே?"

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மனசு குளிர்ந்திருக்கும். பச்சையம்மாளுக்கும் ஒரு கணம் குளிர்ந்தது. அப்போது கிழவி இலையில் ஒன்றை வைத்து நீட்டினாள். ஓட்டோடும் தலையோடும் முழு எறாக்கள்; அரிசி மாவுக் கரைசலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, அடை மாதிரி தட்டையாகப் பொரிந்திருந்தன. தொட்டுக்கொள்ளப் பூண்டு நசுக்கிப் போட்ட புளித்தண்ணீர்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சட்டி வைத்து விற்கிறவள் இன்னொருத்தி சட்டியில் தின்னமாட்டாள். தின்றால் கைராசி அந்தச் சட்டியோடு போய்விடும் என்பார்கள். பச்சையம்மாள் இலையைப் பார்த்தாள். பசி, வாசனை. எடுத்துக் கடித்துவிட்டாள்.

ஓடு நொறுங்கியது. உள்ளே எறா தித்தித்தது. மிளகாயே இல்லை, ஆனாலும் குறை தெரியவில்லை. எண்ணெய் கையில் ஒட்டவில்லை. இன்னொன்று கேட்டாள். அதற்குமேலும் ஒன்று. பொரிந்த மாவை விரலால் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தாள். இவ்வளவு லேசாக எப்படி வருகிறது இவளுக்கு?

திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் நிற்கிறவன் மாதிரி தின்றுகொண்டிருந்தான். எட்டு வருஷம் அவள் கையால் தின்றவன். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

சின்னப் பெண்ணாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுக்கலாம். இதற்கு என்ன செய்வது?

மறுநாளும் போய் அடுப்போரம் நின்றாள். மாவின் பதத்தைக் கண்ணால் அளந்தாள். கிழவி அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். அதே தழும்புகள் கிடந்த தன் மணிக்கட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அப்புறம் நிதானமாக ஒரு துணியை எடுத்து மாவுச் சட்டியை மூடினாள். பச்சையம்மாளுக்கு அந்தப் பயணத்தில் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நொடிதான்.

"ஊருக்கு வாய்யா" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"அடுத்த வருசம் பாக்கலாம் புள்ள" என்றான். அவன் கை புளித்தண்ணீரில் இருந்தது.

அவள் தனியாகத் திரும்பினாள். லாசர் எழுதிப்போட்டானோ என்னவோ, குப்பம் முழுக்க விஷயம் பரவியிருந்தது. "இன்னாம்மே, அந்த ரங்கூன் எறா வடை நமக்கு இல்லியா?" என்று ஹனீஃபா ஆசையாகக் கேட்டார். "கப்பல் அங்கதான் நிக்குது பாய், ஏறிப் போய்த் துன்னு" என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

முப்பதாம் வருஷம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம். பர்மாக்காரர்கள் நம் ஆட்களை வெட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. பச்சையம்மாள் அடுப்பு மூட்டவில்லை. நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் கட்டின துணியோடு மாசிலாமணி வந்து நின்றான். பாதி ஆளாகியிருந்தான்.

அன்றைக்கே அவள் சட்டியை ஏற்றினாள். அவன் அடுப்புக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எப்டிய்யா தப்பிச்சே?"

"அந்த ஆயாதான். கடைக்குப் பின்னால வெறகுக்கு அடில என்னெத் தள்ளி மூடிட்டா. அவ ஆளுங்களே கத்தியோட வந்து நின்னானுங்க. சுருட்டு புடிச்சிக்கினே வடை சுட்டுக் குடுத்து அனுப்பிட்டா."

பச்சையம்மாள் கரண்டியால் மீன் துண்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டு வருஷமாக மனசுக்குள் அந்தக் கிழவியைத் திட்டி வந்திருந்தாள். இனி அதுவும் முடியாது.

"அதுக்கு அவ இன்னா கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணும் கேக்காதவதான் பொல்லாதவ" என்றாள். "கேட்டிருந்தா குடுத்துத் தொலச்சிருப்பேன்."

அவன் சட்டிக்குப் பக்கமாக நகர்ந்தான். "எறா கெடச்சா ஒரு நாளைக்கு அத மாதிரி பண்ணேன் பச்ச."

"மாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"உசிரு அவ குடுத்தது. வடையும் அவளுதாவே இருக்கட்டும். வஞ்சிரம் என்னுது. துன்னு."

முதல் துண்டை அவன் இலையில் போட்டாள். அவன் கடித்தான்; உடனே கண்ணில் நீர் முட்டியது. நாலு வருஷத்தில் நாக்கு பழக்கம் விட்டிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீர் கேட்டான்.

பச்சையம்மாள் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். அடுத்த துண்டில் மிளகாய் விழுதை எப்போதும் போலவே அப்பினாள்.