சாவித் துவாரத்தில் விட்ட ஜெப எண்ணெய்

போன வைகாசி, கருட சேவை அன்று காலை. என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள். முந்தின முறையே தவறிப்போயிருந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கியது. செவிலிமேட்டில் எங்கள் வாசலில் நின்ற பழைய காரில் அவரைப் பின் சீட்டில் சாய்த்துச் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரமாகவே பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவைதான் எடுக்கும். அன்று அதுவும் இல்லை. ஆட்டோவெல்லாம் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டன.

எதிர்வீட்டு மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தான், ஸ்டார்ட்டரைத் தட்டினான். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டாத வண்டி இப்படித்தான் என்று சிரித்துவிட்டுக் கருடசேவைக்குக் கிளம்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயரிங் செய்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். என்னிடமா?

ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். பிறகு ஆண்டவரோடு சண்டையே போட்டேன்.

"எங்க கோளாறுன்னு காட்டும் ஆண்டவரே. காட்டுற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

வானத்திலிருந்து குரல் வரவில்லை. பின் சீட்டிலிருந்து வந்தது.

"இன்னாமா அது, சாவி ஓட்டையில எண்ணெ வழிஞ்சிக்கினு இருக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் வாசல் நிலையில் தடவுகிற ஜெப எண்ணெயை, தினமும் சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு விட்டு ஜெபித்தவள் நான்தான். வண்டி மக்கர் பண்ணப் பண்ணச் சொட்டும் கூடியது.

ஸ்டியரிங் அடியில் மூடியைக் கழற்றி டெஸ்ட் பல்பை வைத்தேன். சாவி திருப்புகிற சுவிட்சுக்குள் போகிற வயரில் எரிந்தது. சாவியைத் திருப்பினால், வெளியே வருகிற வயரில் எரியவில்லை. பேட்டரி வயரை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாய் அப்பியிருந்தது. துடைத்தேன், உப்புத்தாளால் தேய்த்தேன், மாட்டினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது. பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். தாமதம்தான், ஆனாலும் நர்ஸம்மா அவருக்கு மெஷின் கொடுத்தார்கள்.

இன்று சபையில் இதைச் சாட்சியாகச் சொல்ல வரும்போது, எண்ணெய் விஷயத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார் போதகர். விசுவாசிகள் இடறுவார்களாம். விட மாட்டேன் ஐயா. அதை விட்டால் இதில் என்ன மிச்சம்? நான் ரிப்பேர் கேட்டேன். ஆண்டவர் என் கையையே காட்டினார். அதற்குத்தான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போதெல்லாம் ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

நீங்களும் துணிந்து கேளுங்கள். தப்பு உன்னுடையது என்று பதில் வந்தாலும் முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. என் வீட்டுக்காரர் அதோ, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.